கொச்சியில் ஒரு ஹீட்டர்

மட்டாஞ்சேரியில் ஹீட்டர் வைத்த வேன் வாங்கிய ஒரே மடையன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுவருக்கே வியர்க்கிற ஊர் இது. "மீனுக்குக் குடை வாங்கிக் கொடுத்த மாதிரி" என்றார் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? மீனும் நான், குடையும் என்னுடையது.

வேலைக்காலம் முழுக்க இந்த ஊரில் கொசு மருந்துப் புகை அடித்தவன் நான். நான் ஓய்வு பெற்றேன், கொசுக்கள் பெறவில்லை. கையில் வந்த பணத்தில் உருப்படியாக ஏதாவது செய்யச் சொன்னாள் மனைவி. செய்தேன். ஊட்டிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் விருந்தாளிகளை ஏற்றித் திரிந்த பழைய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. குளிர்ப் பிரதேசத்து வண்டி என்பதால் பின்னால் ஒரு ஹீட்டர். எஞ்சினில் சுடுகிற தண்ணீர் தரைக்கடியில் ஒரு குழாய் வழியாகப் பின்பக்கம் போய், அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நாங்கள் அதைப் போட்டதே இல்லை. மனைவி அதன் மேல் துணி மடித்து வைப்பாள். அவளுக்குத் தெரிந்து அது ஒரு முக்காலி.

அந்த வண்டியில் பழனி போனோம், கன்னியாகுமரி போனோம், மற்றபடி அது நின்றுபோன ஊர்களையெல்லாம் நன்றாகச் சுற்றிப் பார்த்தோம்.

பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. பேரைச் சொல்லாமலே எல்லோருக்கும் புரிகிற நோய் ஒன்று உண்டல்லவா, அது. வைட்டிலாவைத் தாண்டி ஆஸ்பத்திரி. மருந்து ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது அவளுக்குக் குளிரும். போர்வைக்கு அடங்குகிற குளிர் இல்லை. எலும்புக்குள் இருந்து கிளம்பி வெளியே வருகிற குளிர். பல் கிட்டிக்கும். ஒருநாள் திரும்பும் வழியில் பின்படுக்கையிலிருந்து கேட்டாள்.

"ஏங்க, இந்த முக்காலி சுடும்னு சொன்னீங்களே, சுடுமா?"

போட்டேன். சுட்டது. ஜன்னல்களை அடைத்துவிட்டு, பனியனோடு, கழுத்தில் துண்டோடு, புட்டுக்குடத்துக்குள் உட்கார்ந்தவன் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாரோ என்னவோ, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இப்பதான் இந்த உடம்பு என்னோடதா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, டாக்ஸி என்ற பேச்சே இல்லை.

ஒரு ஆஸ்பத்திரி நாள், திரும்பி வரும்போது, வைட்டிலா சந்திப்பின் நட்டநடுவில் வண்டிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஊருக்கெல்லாம் புகை அடித்தவனுக்கு அன்று வண்டி புகை அடித்தது. பின்னால் பஸ்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை நிறுத்தினேன். ஹீட்டரும் நின்றது. அவளை ஆட்டோவில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. காற்று அடிக்கும் என்று ஜன்னல் திரையைக் கழற்றி அவளைச் சுற்றிவிட்டேன்.

"கல்யாணப் புடவைகூட இவ்வளவு பூப்போட்டது எடுத்துக் குடுக்கல நீங்க" என்றாள். பல் கிட்டித்ததில் அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. ஆட்டோ போனது. அந்தப் பூத்திரை கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

வண்டியை ஒரு லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் சேர்த்தேன். மெக்கானிக் மறுநாள் காலை வீட்டுக்கே வந்தார். சந்து முனையில் பட்டறை வைத்திருக்கும் ராவுத்தர்; எங்களோடு தமிழில்தான் பேசுவார். பட்டறைக் கூரை தாழ்வு, வேன் உள்ளே நுழையாது. அதனால் வாசலிலேயே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். ஸ்க்ரூ டிரைவரால் குழாயைத் தட்டினார். தட்டிய இடம் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"அண்ணே, இதுக்கு எந்த வெள்ளம் ஊத்தினீங்க?"

எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

"வீட்டுக் கிணத்து வெள்ளம்தான்."

"கொள்ளாம், நல்ல வேலை. உப்பு போட்டாச்சு. ரெண்டு குடம்புளியும் போட்டிருந்தீங்கன்னா மீன்கறி ஆயிருக்கும்."

எங்கள் கிணற்றில் ஊறுவது பாதி காயலின் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் விடிகாலை கொஞ்ச நேரம் வரும், மனசு இருந்தால். அந்தக் குடங்களுக்கு மனைவிதான் காவல். வண்டி வாங்கிய புதிதில் ரேடியேட்டருக்கு ஒரு குடம் கேட்டேன். "மனுஷனுக்கே இல்ல. வண்டிக்கு நாக்கா இருக்கு ருசி பாக்க? கிணத்துல கோரி ஊத்துங்க" என்றாள். நானும் ஊற்றிக்கொண்டே வந்தேன். உப்பு உள்ளிருந்து குழாயைத் தின்றுகொண்டே வந்தது.

மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "போனது ஹீட்டர் பைப்தானே அண்ணே. வெட்டி எறிஞ்சுட்டு, எஞ்சின் பக்கத்துல ரெண்டு வாயையும் ஒரு ஹோஸ் போட்டுச் சேத்துடலாம். சாயா ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். கொச்சியில யாருக்கண்ணே ஹீட்டர்?"

"எனக்குத்தான். ரொம்பக் குளிருது" என்றேன்.

அவர் என் பனியனைப் பார்த்தார். பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். பிறகு வாசற்படியைப் பார்த்தார். அங்கே என் மனைவி ஸ்வெட்டரும், முடியில்லாத தலையைச் சுற்றி மஃப்ளருமாக வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

தலை மறுபடி வண்டிக்கு அடியில் போனது. "பைப் மாத்தணும். சாயங்காலம் ஆயிரும்" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆகட்டும். நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி" என்றேன்.

செப்புக் குழாய் வாங்கி வந்து, வளைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸும் கிளிப்பும் போட்டு முறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன்.

"அண்ணே, பைப்புக்கு அடிங்க. என் மூஞ்சிக்கு அடிக்காதீங்க, நான் கொசு இல்ல."

வாசற்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைக் கேட்க வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை அவர் மூஞ்சிக்கு அடித்தேன்.

கடைசியில் கூலண்ட் என்ற பச்சை மருந்தைக் கலக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றார். அன்று வீட்டில் இருந்தது ஒரே குடம். விடிகாலையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவளே எழுந்து, குடத்தைத் தூக்க முடியாமல், சொம்பு சொம்பாகப் பிடித்து நிறைத்தது. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வரலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? உள்ள குடம் இருக்கு, எடுத்து ஊத்துங்க."

"வண்டிக்குத்தான் நாக்கு இல்லையே?"

"முளைச்சிருக்கும். ஊத்துங்க."

ஊற்றினோம். காற்று வெளியேற மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டார். குமிழி குமிழியாக வந்து அடங்கியது. அதற்குள் அவள் யாரையும் கேட்காமல் ஏறிப் பின்படுக்கையில் படுத்துவிட்டாள்.

"அக்கா, சூடு வருதா?"

"வருது. நிறுத்திராதீங்க."

வேலை முடிந்துவிட்டது, ஆனால் மெக்கானிக் போகவில்லை. சந்தில் நின்ற இடத்திலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவரும் நானும் சுக்குக் கிடங்குகள் மணக்கும் காற்றில் சாயா குடித்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு அதிக தடவை வைட்டிலா போகவில்லை. கடைசித் தடவை திரும்பும்போது அவள் ஆம்புலன்ஸில் முன்னால் போனாள். நான் வேனில் பின்னால் வந்தேன். தோப்பும்படிப் பாலம் ஏறும்போதுதான் கவனித்தேன், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

இரண்டு படுக்கை உள்ள வண்டியில் ஒருத்தன் எங்கே போவது? எந்தப் படுக்கையில் படுப்பது? இடக்கொச்சிக்காரர் ஒருவர் சாயாக்கடை போட வேனைக் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: ஒழுகுகிற சங்கதி எதுவும் வேண்டாம், ஹீட்டரை எடுத்துவிட வேண்டும். அதே மெக்கானிக் வந்தார். அதே சாக்கு. எஞ்சினில் இருந்த தண்ணீரை ஒரு பேசினில் இறக்கினார், பச்சையாக, இளஞ்சூடாக. குழாயை வெட்டி, இரண்டு வாயையும் ஹோஸால் சேர்த்தார். நிஜமாகவே சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"பழசு வேணாம் அண்ணே, புதுசு கலந்துக்கலாம்" என்று பேசினைச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போனார்.

"வேண்டாம்."

"என்னண்ணே?"

"நல்ல வெள்ளம் அது" என்றேன்.

அவருக்கு அந்தக் குடம் நினைவு வந்துவிட்டது. புதுத் துணி ஒன்றைக் கிழித்து, வடிகட்டித் திரும்ப ஊற்றினார். முழுவதும் போகவில்லை. ஹீட்டரும் அதன் குழாயும் பிடித்து வைத்திருந்த தண்ணீருக்கு வண்டியில் இனி இடமில்லை. ஒரு பாட்டில் அளவு மிஞ்சியது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற முடியாது, பட்டுப்போகும். நான் பாட்டிலில் பிடித்து மூடினேன்.

வாங்கியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பாட்டிலைக் கேட்டு மலையாளத்தில் கையை நீட்டினார். "ஸ்பேர் ஆணோ சேட்டா? இங்கு தரூ."

"இது வண்டிக்கு வேண்டியது அல்ல. ஹீட்டரின்டே வெள்ளமாணு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொச்சியில் ஆர்க்கா சேட்டா ஹீட்டர்!"

நானும் சிரித்தேன். வண்டி சந்து முனையில் திரும்பியது. மெக்கானிக் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் பாட்டில் இன்னும் சூடாகத்தான் இருந்தது.