புல்லில் வழுக்காத கட்டை

புனிதவதிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், மேசை ஆடுகிறதே என்று குனிந்து அதன் காலுக்கு அட்டை மடித்து வைப்பாள். ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்க்கப் போனவள் கட்டிலின் திருகாணியை முடுக்கிவிட்டு வந்தாள். "ஒரு எடத்துல உக்காரு லா, புனிதா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கணவன் சேது சொல்வதையே விட்டுவிட்டான்.

நாற்பத்து நான்கு வயது அவளுக்கு. வீடு மலேசியாவின் புக்கிட் ரோத்தானில், வேலை புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில். இடி இடித்து மின்சாரம் போனால் அங்கே பாதி நாள் வேலை பாழாகும். கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் இழக்காமல் தாமாகவே அணைந்துகொள்ள ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். காப்புரிமையும் கிடைத்தது, கம்பெனிக்கு. கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரைப் போட்டு, ஒரு விருந்தும் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதமும் கொடுத்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை, அப்படித்தான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. தனக்கே தனக்கென்று ஒன்று வேண்டும், அதன் சொந்தக்காரி என்று தன் பெயர் இருக்க வேண்டும். இந்த நமைச்சல் ஆறு வருஷமாக அவளை விடவில்லை.

அதற்காகச் செய்ததுதான் அந்தக் கட்டை. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் படித்தபோது நூறு மீட்டர் ஓடுவாள். திடல் முழுக்கப் புல். மழை பெய்த மறுநாள், கிளம்பும்போதே கால் வழுக்கி மூக்கு தரையில் இடிக்கும். ஓட்டக்காரர்கள் காலை ஊன்றிக் கிளம்பும் கட்டையை ரப்பர் ஓடுபாதையில்தான் பொருத்தலாம், புல்லில் நிற்காது. இவள் செய்ததில் அடியில் ஆணிகள் சாய்வாக இருந்தன. ஓடுபவர் எவ்வளவு பலமாக உதைக்கிறாரோ, அவ்வளவு ஆழமாக அவை மண்ணைக் கவ்வும். கேட்டால் சின்ன விஷயம், ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

செய்து முடித்ததும் உடனே மனுப் போட்டிருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாதவளாயிற்றே! ஆணியை மாற்றினாள், கீலை மாற்றினாள், மாற்றியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே வைத்தாள். இப்படியே ஒரு வருஷமும் சில மாதங்களும் ஓடிப்போன பிறகுதான் கோலாலம்பூரில் காப்புரிமை மனுக்கள் எழுதும் ரூபினியிடம் போனாள்.

"எல்லாம் ஓக்கே, அக்கா" என்றாள் ரூபினி. "ஒண்ணே ஒண்ணு. இத வெளியில யாருக்காச்சும் காட்டியிருக்கீங்களா? காட்டியிருந்தா, அந்த நாள்லேருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டிருக்கணும்."

"இல்லையே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குக் கார் கதவைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது.

போன வருஷத்து ஆயுத பூஜை. புதுச் சாமானை அம்மன் முன்னால் வைக்காமல் புழங்கக் கூடாது என்று சேதுதான் கட்டையைத் தோட்டத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனான். அவன் கோயில் செயலாளர். பாராங் கத்திகள், புல்வெட்டும் மெஷின், யாருடைய லோரிச் சாவியோ, எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டைக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூப் போட்டார்கள். ஐயர் கற்பூரம் காட்டி முடித்ததும், "இது என்னான்னு சொல்லும்மா" என்று யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் சொன்னாள். ஆணி, சாய்வு, கீல், ஒன்று விடாமல் சொன்னாள். சேது பெருமை தாங்காமல் அதைக் கோயில் பேஸ்புக்கில் நேரலையாகவே போட்டான்.

ஞாயிறு காலை இருவரும் அந்த வீடியோவைத் திறந்தார்கள். பதினாலு மாதத்தில் பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

"நாப்பத்தோரு பேருதான் லா. அழிச்சிடுறேன்" என்றான் சேது. குற்றம் செய்தவனுக்குரிய அவசரம் அவன் விரலில் இருந்தது.

அவளும் தலையாட்டினாள். தலையாட்டியபடியே கீழே இருந்த கருத்துகளைத் தள்ளினாள். ஐந்து பேர் கைகூப்பியிருந்தார்கள். ஆறாவது ஆள் தேவன், உலு யாமில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். "அக்கா, ஆணி எத்தன இஞ்சு? சாய்வு எவ்ளோ?" என்று கேட்டிருந்தார். அதற்கடியில் புனிதவதியே பதில் போட்டிருந்தாள். அளவு, டிகிரி, எந்தக் கடையில் இரும்பு வாங்குவது என்பதுவரை. அதற்கும் கீழே வாத்தியார் ஒரு படம் போட்டிருந்தார். ஈரத் திடலில், துருப்பிடித்த இரும்பில் செய்த ஆறு கட்டைகள்.

"அழிக்கவா?"

"எத அழிப்பீங்க? அங்க ஆறு கட்ட கெடக்குது." அவளுக்கு வாத்தியார் மேல் கோபம் வந்தது, சேது மேல் வந்தது, மைக் நீட்டியவன் மேல் வந்தது. கடைசியில் எல்லாம் தன்மேலேயே வந்து நின்றது. பூஜை முடிந்த மறுவாரமே மனுப் போட்டிருந்தால் இந்த வீடியோ ஒன்றும் செய்திருக்காது. ஒரு வருஷம் முழுசாக இருந்தது. நோண்டி நோண்டித் தானே அதைக் கெடுத்துக்கொண்டாள்.

ரூபினிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். வீடியோவையும் அனுப்பினாள். ரூபினி பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"கட்ட போச்சு, அக்கா. இனிமே அது எல்லாருக்கும் சொந்தம். ஆனா வீடியோவுல இல்லாதது ஏதாச்சும் அப்புறம் சேத்தீங்களா? யாருக்கும் காட்டாதது?"

புனிதவதி யோசித்தாள். பதினாலு மாதம் மாற்றியதில் முக்கால்வாசி பழையபடியே ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: கட்டையைத் தூக்கும்போது சேற்றில் சிக்கும் ஆணியைத் தானாகவே விடுவிக்கும் ஒரு ஸ்பிரிங். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

"அது புதுசு. அத மட்டும் கேக்கலாம். எழுதிப் பதிய பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இன்னொண்ணு, அதத் தொடாதீங்க. நீங்க மாத்திக்கிட்டே இருந்தா நான் எழுதவே முடியாது."

போனை வைத்துவிட்டுப் புனிதவதி அழுதாள். கட்டை முழுக்கத் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டியது, ஒரு ஸ்பிரிங்கில் வந்து நிற்கிறது. பிறகு முகம் கழுவி, கட்டையையும் கருவிகளையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டி, சாவியைச் சேதுவின் சட்டைப் பையில் திணித்தாள்.

"நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

இரண்டாம் நாளே கேட்டாள். ஐந்தாம் நாள் சண்டை போட்டாள். எட்டாம் நாள், வேறு வழியில்லாமல், பக்கத்து வீட்டு கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தாள். சேது அசையவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் ரூபினியிடமிருந்து செய்தி வந்தது. மனு பதிவாகிவிட்டது, எண்ணும் கிடைத்துவிட்டது, விண்ணப்பதாரர் புனிதவதி. சேது அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அவள் சிரிப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தான்.

அவள் கை நீட்டியபடி நின்றாள்.

"சாவியக் குடுங்க. அந்த ஸ்பிரிங்கு சரியில்ல."