கடலை பறிக்கச் சொன்ன வாரம்

விவசாயிகள் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் வானிலைக் குறிப்பைப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அடுத்த ஐந்து நாளில் மழை உண்டா, மண்ணில் ஈரம் எப்படி, என்ன வேலை செய்யலாம் என்பது வானிலை ஆபீஸிலிருந்து எழுத்தில் வரும். அதை ஆலங்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற பேச்சில் மாற்றி இரண்டு நிமிஷத்துக்குள் சொல்வேன். வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போகும். டீக்கடையில் யாரோ ஒருவர் போனில் என் குரலை நானே கேட்டிருக்கிறேன்.

அனுப்பிய கால் மணி நேரத்தில் ஓர் அக்கா கூப்பிடுவார். வாரம் தவறாது. கீரமங்கலம் போகிற வழியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை, வானம் பார்த்த பூமி. வீட்டுக்காரர் துபாயில்.

"எல்லாம் கேட்டேன் ஆத்தா. நம்ம கொல்லைக்குப் பேயுமா? அதச் சொல்லு."

"ஒரு சில இடங்கள்ல பெய்யும்னு போட்டிருக்குக்கா."

"அந்த ஒரு சில எடத்துல நாம இருக்கமா?"

குறிப்பில் இருக்கிற வரியையே இன்னொரு தடவை வாசித்துக் காட்டுவேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் அவருடைய கடலை முற்றி நின்றது. ஓட்டை உடைத்தால் உள்பக்கம் கறுத்திருந்தது, பறிக்கிற பதம். ஆனால் மூன்று வாரமாகச் சொட்டு மழையில்லை. செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். செடியை இழுத்தால் கொடி மட்டும் கையோடு வரும், காய் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். அந்த வாரக் குறிப்பில் லேசான மழை இருந்தது. ஈரம் வந்ததும் பறியுங்கள் என்று பேசினேன். அக்கா காத்திருந்தார். பொன்னமராவதிப் பக்கம் பெய்ததாம். எங்கள் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கலைந்துபோனது.

அடுத்த செவ்வாய், ஐந்து நாளும் மழைக்கு வாய்ப்பில்லை, அறுவடைக்கு ஏற்ற வாரம் என்று வந்தது.

"இன்னமும் விட்டா மண்ணுக்குள்ளயே வீணாப் போயிரும். பறிச்சிரவா?" என்று அக்கா கேட்டார்.

"பறிச்சிருங்கக்கா. மழை இல்ல."

குறிப்பில் இருந்தது 'வாய்ப்பில்லை' என்பதுதான். 'இல்ல' என்பது நான் சொன்னது. அவர் குரலில் இருந்த தவிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

புதனும் வியாழனும் ஆள் வைத்துக் கொத்திப் பறித்தார். பாதிக் காய் மண்ணில் நின்றுவிட்டது. வந்த செடிகளைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டுக் காயவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் இருந்தேன். காற்று நின்று வெளியே திடீரென்று கறுத்தது. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அதற்குள் தகரக் கூரையில் மழை விழுந்து, மணி அடிப்பதுகூடக் காதில் விழவில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் புதுக் குறிப்பு வந்தது: இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு. ஜன்னலைச் சாத்திவிட்டு அதையும் பேசி அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

மழை மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அக்கா கொல்லையில் குனிந்திருந்தார். தார்ப்பாயால் ஒரு குவியலை மட்டும்தான் மூட முடிந்திருக்கிறது. அதுவும் உள்ளே வெந்து, திறந்ததும் புளித்த வாடை. மற்றச் செடிகளில் காய் வெடித்து வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

"என்னாலதான்க்கா" என்றேன்.

"நீ என்னத்தா பண்ணுவ? நீயா பேய வச்ச?"

திட்டியிருக்கலாம். 'மழை இல்ல' என்று நான் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு உட்கார்ந்து, முளைக்காத காயாகப் பார்த்து ஆய்ந்தேன். பொழுது சாய்கிறவரை ஆய்ந்தும் சாக்கு பாதிகூட நிறையவில்லை. மீதிக் கொடியை மாட்டுக்குத் தூக்கிப் போட்டார்.

மறுநாள் செவ்வாய். மண்ணில் ஈரம் போதுமான அளவு இருக்கிறது என்று வந்திருந்தது. அந்த ஒரு வரியை ஏழெட்டுத் தடவை பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் எப்படியோ அனுப்பினேன். அன்றைக்கு அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் கொல்லையை உழுது உளுந்து போட்டார் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். சுமாராக வந்ததாம்.