ஈரலுக்கு ஒரு அத்திவாரம்

சுவிஸில் வைத்தியர் முதலில் கேட்கிற கேள்வி, கிழமைக்கு எத்தனை கிளாஸ் குடிப்பீர்கள் என்பதுதான். அதுவும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயதைக் கேட்கிற அதே குரலில். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையிடம் இதை நேரே கேட்கிற வழக்கமில்லை. கேட்டாலும் உண்மை வராது. பேர்னில் இத்தனை வருசம் இருந்து நாகரிகம் பழகியவன் அல்லவா நான், சனிக்கிழமைகளில் மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். வெறுவயிற்றில் ஒருநாளும் குடிப்பதில்லை, ஒரு தட்டு நிறைய ஆட்டுக் கொழுப்புப் பொரியல் சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவேன் என்று பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன். மெச்சுவார் என்று பார்த்தால், மனுசன் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வித்தை ஊரில், முரசுமோட்டையில், சிவத்திடம் படித்தது. என் தங்கையின் புருசன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். நெல் அரிவி வெட்டு முடிந்து வயற்கரையில் போத்தில் திறக்கமுன், பொரித்த கொழுப்பை என் வாயில் ஊட்டியே விடுவான். அத்திவாரம் போட்டால் பிறகு எவ்வளவு குடித்தாலும் ஈரலைத் தொடாது என்பது அவன் கட்சி. அங்கே முக்கால்வாசிப் பேரும் அந்தக் கட்சிதான்.

வைத்தியர் ஒரு ஈரல் கலத்தைக் கடதாசியில் கீறிக் காட்டினார். அதன் மேல் சின்னச் சின்ன ஏற்பிகள், ‘றெட்செப்டோர்’ என்றார். கொழுப்பை எரி என்று உடம்பு அனுப்புகிற செய்தியைக் கேட்கிற காதுகள் அவை. மது அந்தக் காதுகளை மந்தமாக்குமாம். கொழுப்புச் சாப்பாடும் சேர்ந்தால் இன்னும் மந்தம். செய்தி கேளாத ஈரல் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். என் ஈரலில் அது ஏற்கெனவே படிந்திருந்தது. ஆனால் எனக்குப் பயம் பிடித்தது சிவத்தை நினைத்துத்தான். அவனுடைய ஈரல் வீங்கியிருக்கிறதாம், குடியை விடாவிட்டால் ஆள் தப்பாதாம் என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சொன்னதைப் போன மாதம்தான் தங்கை அழுதழுது சொல்லியிருந்தாள். இந்த வயதில் என்னை டேய் என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம்.

அன்றைக்கே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

“உது வெளிநாட்டு ஈரலுக்கடா. எங்கட ஈரல் வெயிலில விளைஞ்சது.”

“அப்ப என்ர ஈரல் எந்த நாட்டு ஈரல்?”

கொஞ்சம் யோசித்தான். “உன்ர முரசுமோட்டை ஈரல்தானேடா.”

“அதுதான் பழுதாப் போச்செண்டு சொல்லுறன்.”

கடைசியில், “நீ விட்டா நானும் விடுறன்,” என்றான்.

இப்போது சனிக்கிழமைகளில் வீடியோவில் வருகிறோம். அவன் கையில் வெறுந்தேத்தண்ணி, என் கையில் எலுமிச்சைத் தண்ணீர். அவனைத் தங்கை கண்ணுக்குள் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறாள். என் விசயத்தில் அவளுக்கு என் மனைவியிலும் நம்பிக்கை இல்லை. பிறிட்ஜைத் திறக்கச் சொல்வாள், மேசைக்குக் கீழே போனைப் பிடிக்கச் சொல்வாள். எல்லாம் பார்த்து முடித்த பிறகும், “அண்ணை, எங்க, ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ,” என்பாள்.

மணம் அவ்வளவு தூரம் போகாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய் ஊதுவேன். முரசுமோட்டையில் அவள் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான், பேர்னில் எனக்குச் சோறு இறங்கும்.