தன் கண்ணையே சந்தேகித்த வெர்ன்

அமெரிக்காவின் ஈரி நகரில் வெர்ன் சொப்சாக்கின் முடிதிருத்தும் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள மட்டும் யாரும் வருவதில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டால் அங்கே ஃபேண்டஸி ஃபுட்பால் பேச்சுதான். லீக்கில் ஆடும் வீரர்களைப் பொறுக்கி ஆளாளுக்கு ஓர் அணி அமைப்பார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் சாதிப்பதெல்லாம் இவர்களுக்குப் புள்ளி. ஆட்டம் தொடங்கிவிட்டால் அணியில் கைவைக்க முடியாது.

வெர்ன் ஆடியது பெரிய பந்தயம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் லாஸ் வேகாஸ் போய், எதிரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பான். கூடவே போவது கிளிஃப் மரோனி. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சேர்ந்தேதான் திரிந்தார்கள். பிறகு அந்தப் பந்தய நிறுவனமே கிளிஃபை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆடுகிறவர்களின் புகார்களைக் கேட்பதும், இணையதளம் மக்கர் செய்தால் அணிகளைச் சரிசெய்வதும் அவன் வேலை. அதன் பிறகு அவன் ஆடக் கூடாது.

"காசைப் போட்டா திரும்ப வருமா?" என்று தயங்கிய வாடிக்கையாளர்களிடம் வெர்ன் ஒரே பதில்தான் சொல்வான்: "உள்ளே கிளிஃப் இருக்கான்ல, அப்புறம் என்ன?" அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பலர் சேர்ந்தார்கள்.

அந்த வருடம் கடைசி வாரம்வரை வெர்னின் அணி முதலிடத்தில் இருந்தது. துரத்தி வந்தது ஒரே ஓர் அணி. ஆட்டம் தொடங்கியதும் அந்த அணியைத் திரையில் பார்த்து வைத்துக்கொண்டான். அதில் இருந்த முக்கியமான வீரன், பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறவன், முதல் சில நிமிடங்களிலேயே முழங்கால் பிசகி ஸ்ட்ரெச்சரில் போனான். "ஐயோ பாவம்," என்றான் வெர்ன். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மனைவி டோரீனைக் கட்டிப்பிடித்தான்.

ஆட்டங்கள் முடிந்தபோது முதலிடத்தில் அந்த எதிரணி நின்றது. அடிபட்டவன் இருந்த இடத்தில் வேறொரு பெயர். அன்று வெளுத்து வாங்கிய ஒருவனுடையது.

கிளிஃபுக்குப் போன் போட்டான்.

"நல்லா பாத்தியாடா?" என்றான் கிளிஃப்.

"பாத்தேன்டா. அடிபட்டவன் பேருதான் இருந்துச்சு."

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ வேற யாரோ டீமைப் பாத்திருப்ப. வயசாகுதுல்ல, கண்ணைக் காட்டு."

வெர்ன் கண் மருத்துவரிடம் போனான். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. கண் சரியென்றால் கோளாறு தலையில்தானே இருக்க வேண்டும்? அவன் அப்பா கடைசிக் காலத்தில் மகனையே யாரென்று கேட்டவர். கிளிஃபின் மேல் சந்தேகம் ஒரு கணம்கூட வரவில்லை. வாடிக்கையாளர்களின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே முடி வெட்டினான். கத்தி பிடிக்கப் பயந்து சவரம் செய்வதை நிறுத்தினான். ஞாபகசக்தியைச் சோதிக்க மருத்துவமனையில் நாள் வாங்கினான்.

டோரீன் அழுதபடி கிளிஃபிடம் சொன்னாள்: "அவங்க அப்பாவுக்கு வந்தது இவனுக்கும் வந்துடுச்சு கிளிஃப். கடையை மூடிடலாம்னு சொல்றான்."

மறுநாள் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு கிளிஃப் கடைக்கு வந்தான். காலியாக இருந்த நாற்காலியில் உட்காரவில்லை.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதடா," என்றான். "நீ பாத்தது சரிதான். அந்த டீம் என்னோடது, மச்சினன் பேருல. அந்த ஆட்டக்காரன் அடிபட்டதும் நான்தான் ஆளை மாத்தினேன்."

வெர்ன் கையிலிருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "காசு வேணும்னா கேட்டிருக்கலாமே."

"காசுக்காக இல்லடா. வருஷக்கணக்கா அடுத்தவன் ஜெயிக்கிறதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஒரு தடவை நானும்னு தோணிடுச்சு. நீ சண்டைக்கு வருவ, அப்ப ஒத்துக்கலாம்னு நெனச்சேன். நீ நான் சொன்னதை அப்படியே நம்பிட்ட."

"எங்கப்பாவைக் குளிப்பாட்ட நீயும் வந்தியேடா," என்றான் வெர்ன். "என் பயம் உனக்குத் தெரியுமே."

கிளிஃப் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

வெர்ன் நடந்ததை நிறுவனத்துக்குச் சொன்னான். சொல்லாமல் இருந்தால், தன் வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? கிளிஃபின் வேலை போனது. முதல் பரிசு வெர்னுக்கு வந்தது. வீட்டுக் கூரையை மாற்றினார்கள். அடுத்த சீசனுக்குப் புது விதி வந்தது: ஆட்டம் தொடங்கும் நொடியில் எல்லா அணிகளின் பட்டியலும் எல்லாருடைய கைக்கும் வந்துவிடும், உள்ளே இருப்பவர்கள் யாரும் தொட முடியாது.

"இனிமே யாரையும் நம்பத் தேவையில்ல வெர்ன், எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கு," என்று கடையில் குதூகலித்தார்கள். அவனையும் வேகாஸுக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றான்.

கிளிஃப் பஃபலோ நகருக்குக் குடிபோய்விட்டான். வெர்னின் பிறந்தநாளன்று போன் செய்தான். பெயரைப் பார்த்துவிட்டு வெர்ன் எடுக்கவில்லை. மணி நின்ற பிறகும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மூளையில் ஒரு பழுதும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்போதெல்லாம் அவன் முகம் வெளிறிப்போகும். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்," என்பாள் டோரீன்.

"நெசமாத்தான் சொல்றியா?" என்று அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பான். முன்பெல்லாம் அவன் அவளை அப்படிக் கேட்டதே இல்லை.