வெள்ளை திரும்பிய பலகை

கடலுக்குத் தும்மல் வருவதுகூட இஷ்பெல் மெக்கெல்லருக்கு முன்கூட்டியே தெரியும் என்பார்கள் ஆர்ட்கெல்லனில். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் நிலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்த ஒடுங்கிய கழியின் ஓரத்து ஊர் அது. அக்கரைக்குச் சாலை வழி நாற்பது மைல். இஷ்பெலின் படகில் கால் மணி நேரம். இருபத்தாறு வருஷமாக அவள்தான் துடுப்புப் பிடிக்கிறாள்.

அக்கரைத் துறையில் ஒரு பலகை உண்டு. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. படகு வேண்டுபவர் வெள்ளைப் பக்கம் இக்கரைக்குத் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும்; ஏறும்போது கறுப்பாக்கிவிட்டு ஏற வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மறதியில் முதல் ஆள் அவள் கணவன் ஆர்ச்சி.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆர்ச்சியைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு பலகை வெள்ளையாகத் தெரிந்தது. 'இந்த மனுஷன் மறுபடியும் மறந்துட்டான்' என்று அவள் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டாள். உண்மையில் அங்கே காத்திருந்தவர் ஆடு மேய்க்கும் டூகல். காத்துக் காத்து அலுத்துப்போய், கழி முடியும் இடத்தில் நீர் வற்றிக் கிடந்த சேற்றில் குறுக்கே நடந்தார். கடல் ஏற்றம் முந்திக்கொண்டது. தொப்பி மட்டும் கரை சேர்ந்தது.

அன்றிலிருந்து மூடுபனி இறங்கும் பிற்பகல்களில் பலகை வெள்ளையாகும். இஷ்பெல் போவாள். ஆள் இருக்காது, பலகையில் ஈரக் கைத்தடம் இருக்கும். கறுப்பாக்கிவிட்டு, வாயே திறக்காமல் திரும்பிவிடுவாள்.

இந்த நவம்பரிலும் பனி விலகிய ஒரு கணத்தில் வெள்ளை தெரிந்தது.

"போகாதடி. அங்க ஒருத்தரும் இல்ல. உனக்காகக் காத்துக்கிட்டிருக்கறது சளிக்காய்ச்சல்தான்," என்றான் ஆர்ச்சி.

"அன்னிக்கும் ஒருத்தரும் இல்லன்னுதான் நினைச்சேன். நீ போய் அடுப்புல தண்ணி வை."

அக்கரைப் படியில் தபால்காரி ஜெசி கணுக்கால் முறிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏறும் நீர் இடுப்பைத் தொட்டுவிட்டது.

"இந்தக் காலோட பலகைகிட்ட எப்படிடி போன?"

"நான் எங்கக்கா போனேன்? அந்தப் பெரியவர்தான் திருப்பினாரு. ஒரு வார்த்தை பேசல. தொப்பிகூட இல்லாம, தலையெல்லாம் சொட்டச் சொட்ட..."

இஷ்பெல் தண்ணீரில் இறங்கினாள். ஜெசியைத் தூக்கிப் படகில் கிடத்தினாள். பிறகு பனியைப் பார்த்து முதல்முறையாகப் பேசினாள்.

"டூகல் அண்ணே, தப்பு என்னுதுதான். இன்னும் எத்தனை நாள் நிப்பீங்க? வாங்க, ஏறுங்க."

படகின் பின்பக்கம் ஓர் ஆள் பாரத்துக்குத் தாழ்ந்தது. ஜெசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இஷ்பெல் பலகையைத் திருப்ப எழுந்தாள். அது ஏற்கெனவே கறுப்பாகியிருந்தது.