பீச்சில் நர்ஸ் இல்லை

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு வரும் தேனிலவுத் தம்பதிகள் கசக்கிய படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் மாபெரும் பொறுப்பு, ஐம்பது வயதாகியும் கல்யாணமாகாத ஜெகநாதனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ரிசார்ட்டின் சலவை அறையில் அவருக்குத் துணை இரண்டு இயந்திரங்கள். வந்து ஓராண்டில் விரிப்பு, துவாலை ஆகியவற்றின் பெயர்களோடு அவர் கற்ற இந்தி பூரணமடைந்துவிட்டது.

தலைவலி பழைய சிநேகிதம். இடது கையும் அவ்வப்போது மரத்துப்போகவே, போர்ட் பிளேரில் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வெண்புள்ளிகள் தெரிந்தன. நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்னும் எம்.எஸ். நோயிலும் இப்படிப் புள்ளி விழும். வெறும் ஒற்றைத் தலைவலியிலும் விழும். எதுவென்று சொல்ல இன்னும் நுணுக்கமான படம் எடுத்தார்கள்.

பொங்கலுக்கு மட்டும் போன் செய்துவந்த தூத்துக்குடித் தங்கை மரகதம், விஷயத்தைக் கேட்ட நாள் முதல் தினமும் அழைத்தாள். "சாப்ட்டியாண்ணே?" என்ற கேள்விக்காகவே ஜெகநாதன் வேளாவேளைக்குச் சாப்பிடத் தொடங்கினார்.

முடிவு வந்தது. வங்காளி டாக்டர் படத்தைக் காட்டி, "பீச் மே நஸ் நஹீ ஹை" என்றார். ஜெகநாதனுக்குப் பளிச்சென்று புரிந்தது. பீச்சில் நர்ஸ் இல்லை. அப்படியானால் நர்ஸ் வைத்துப் பார்க்கும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது. ஹேவ்லாக்கில் இனி இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே தங்கையை அழைத்தார்.

"பீச்சுல நர்ஸ் இல்லியாம், மரகதம்."

"அய்யோ! அங்க ஒத்தையில கெடக்காதண்ணே. இங்க வந்துரு. மாடி ரூம ஒழிச்சுத் தாரேன். மூணு வேளையும் நானே பொங்கிப் போடுதேன்."

நடுங்கவேண்டிய மனிதர் பூரித்துப்போனார். மெயின்லேண்டுக்குக் கப்பல் எப்போது என்று மருந்துக் கவுண்டரிலிருந்த தமிழ்ப் பெண் அப்ஸானாவிடம் விசாரித்தார். காரணத்தைக் கேட்டவள் டாக்டரிடம் போய்வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அங்கிள், பீச்னா நடு. நஸ்னா ரத்தக்குழாய். எம்.எஸ்.னா முக்காவாசிப் புள்ளிக்கு நடுவுல சின்னதா ரத்தக்குழாய் ஓடுமாம். உங்களுதுல இல்ல. புள்ளி விழுந்த இடமும் வேறயாம். இது தலைவலிப் புள்ளிதான். மாத்திரை போதும்."

"நல்லாப் பாத்தாங்களாம்மா?"

"பாத்துட்டாங்க."

"ஒண்ணுல கூடவா இல்ல?"

செய்தியைத் தங்கையிடம் சொன்னார்.

"அம்மாடி, வயித்துல பால வாத்தண்ணே! அப்ப மாடி ரூம ஒழிக்க வேண்டாம்லா? சரி, அடுப்புல வேல கெடக்கு."

மறுநாள் படகேறித் தீவுக்குத் திரும்பினார். அன்று போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எடுத்துப் பார்த்தார். சிக்னல் முழுதாக இருந்தது. ஹேவ்லாக்கில் அது அபூர்வம்.