கேட்காத கேள்விக்கு ‘இல்லை’

பன்னிரண்டு மருத்துவர்கள் கூடி, வலி மருத்துவத்துக்கு இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். ‘பொதுவாக’, ‘இயன்றவரை’, ‘மருத்துவரின் கணிப்புப்படி’ என்று பக்கத்துக்கு நான்கு இடத்தில் நழுவிக்கொள்ள வாசல் வைத்துத்தான் எழுதினார்கள். படித்தவர்கள் அல்லவா. கம்ப்யூட்டருக்கு இந்த நாசூக்கெல்லாம் ஏறாது. அதற்கு ஒன்று ஆமாம், இல்லாவிட்டால் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஆமா-இல்லை அக்கா. அலுவலகம் வைத்த பெயர். பதினாறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். கனத்த நோயாளி ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி ஆளைத் தூக்கக்கூடாது என்றாகி இங்கே வந்து சேர்ந்தார். வழிகாட்டியின் வாக்கியங்களை வெட்டிக் கேள்விகளாக்கி, அதற்கென்றே இருக்கும் சாப்ட்வேரில் விதியாக அடுக்குவது வேலை. வார்டில் நோயாளியின் விவரத்தைப் போட்டால் திரையில் பச்சை எரியும்: மருந்து கொடுக்கலாம். சிவப்பு என்றால் கூடாது. வீட்டிலும் அதே தொழில் புத்தி. “டீ குடிச்சா நல்லாயிருக்கும்னு நினைக்கிறேன்” என்று கணவர் இழுத்தால், “நினைக்கிறதெல்லாம் இருக்கட்டும். வேணுமா, வேண்டாமா?”

ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாக வெள்ளோட்டம். அங்கே வார்டு பொறுப்பில் இருக்கும் பழைய தோழி காலையில் போன் செய்தார்.

“ஏன்டி, உன் பெட்டி பச்சை காட்டுச்சுன்னு இங்க படுத்திருக்கிற டெய்லர் ஒருத்தருக்கு அஞ்சு நாள் வலி ஊசி போட்டோம். இப்ப அவருக்கு யூரினே போகல. கிட்னி ஏற்கெனவே பாதி போயிருந்துச்சாம். டயாலிசிஸ்ல படுத்திருக்காரு.”

“கிட்னி கோளாறு உண்டான்னு கேட்டிருக்குமே?”

“கேட்டுச்சு. நாங்க நிரப்பல. அன்னைக்கு இருந்த கூட்டத்துல யாரைப் போய் உக்காந்து கேக்கிறது? வார்டுல இருந்தப்ப நீ மட்டும் என்ன, எத்தனை கட்டத்தை வெறுமனே விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கே!”

அக்கா விதியைத் திறந்தார். ‘கோளாறு: ஆமாம் என்றால் நிறுத்து.’ ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே மேலே போ, பச்சையைப் போடு. யாரும் நிரப்பாத கட்டத்தை சாப்ட்வேர் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டிருந்தது. வார்டில் அதற்கு ‘யாரும் கேட்கவில்லை’ என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

விதியைச் சோதிக்க நாற்பது கற்பனை நோயாளிகளை அவரேதான் உண்டாக்கியிருந்தார். நாற்பதும் தங்கம். வயது, எடை, பழைய வியாதி, சாப்பிடும் மாத்திரை என்று ஒரு கட்டம் பாக்கியில்லாமல் ஒப்பித்தார்கள். அப்படியொரு நோயாளியைப் பதினாறு வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. சோதனைத் தாளின் அடியில் அவருடைய கையெழுத்து.

கையெழுத்துப் போட்டவர் விதியை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். திங்கட்கிழமை இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகள் சேருகின்றன. மேலாளர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார்.

“எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்னு கையேட்டுல போட்டிருக்கோமே மேடம். முப்பத்தெட்டாம் பக்கம்.”

“அந்தப் பக்கத்தை நீங்க படிச்சிருக்கீங்களா சார்?”

“நான் எதுக்குப் படிக்கணும்? நான் ஊசியா போடுறேன்?”

“போடுறவங்களுக்கும் நேரமில்ல.”

“சரி, நிறுத்துங்க. ‘காரணம் ஆராயப்படுகிறது’ன்னு போட்டா போதாதா? எதுக்கு உங்க தலையை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீங்க?”

“ஆராயறதுக்கு என்ன சார் இருக்கு? ஆராயற கமிட்டி கூடுறதுக்குள்ள திங்கட்கிழமை வந்துடும். தப்பு எதுவும் உறுதியாகலைன்னு விதியைத் திரும்ப ஓடவிடுவீங்க, பச்சை எரியும்.”

அக்கா தட்டினார்: ‘நிரப்பாத கட்டத்தை வைத்துச் சோதிக்கவில்லை. சோதித்தவர் நான்.’ விரல் ஒரு நிமிடம் பொத்தானுக்கு மேலேயே நின்றது. இந்த இடுப்போடு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு ஆமாம்-இல்லை இரண்டிலும் பதில் இல்லை. அழுத்தினார்.

கால் மணி நேரத்தில் தோழி மறுபடியும் அழைத்தார். “பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல, திரை சாம்பலாக் கிடக்கு. டாக்டர் என் மூஞ்சியைப் பார்க்கிறாரு. அடுத்த ஆளுக்கு ஊசி போடலாமா, வேண்டாமா?”

“கிட்னிக்கு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லு. ரிசல்ட் வர்ற வரைக்கும் போடாதீங்க.” பிறகு, தயங்கி, “டெய்லருக்கு யூரின் எவ்வளவு?”

“நேத்து பூரா எண்பது மில்லி. இன்னைக்கு இதுவரைக்கும் முப்பது.”

“தேறிடுவாரா?”

“டாக்டரும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

போனை வைத்த அக்கா பட்டியலைத் திறந்தார். அவர் கையெழுத்தோடு வெள்ளோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த விதிகள் இன்னும் அறுபத்து மூன்று. முதல் விதியில், வயதைத் தவிர எதுவும் சொல்லாத ஒரு கற்பனை நோயாளியை உள்ளே அனுப்பினார். பச்சை.

“இதையுமா நிறுத்தப் போறீங்க?” என்றார் மேலாளர், பின்னாலிருந்து.

அக்கா காரணம் எழுதும் இடத்தில் அதே வரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.